செவ்வாய்க்கிழமை நண்டு

1

போன கிழமை எங்கள் தொழிற்சாலைக்கு நண்டு வந்தது. வழக்கமாக வருவது மீன். பெல்ட்டில் மீன் வரும், நான் வெட்டுவேன், அது போகும், அடுத்தது வரும். நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். வந்த நாளில் இருந்து இந்த வேலைதான். நின்றுகொண்டு செய்கிற வேலை. அதனாலோ என்னவோ, எனக்கு ஓர் இடத்தில் இருக்கத் தெரியாது. வீட்டில் சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான்.

கால் முறிந்த நண்டுகளை விற்க மாட்டார்கள். போர்மன் ஆளுக்கு ஒரு பை தந்தான். கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்தேன். பிறகு திறந்து பார்த்தேன். மூடினேன். தேத்தண்ணி ஊற்றினேன். திரும்பவும் திறந்து பார்த்தேன். சமைக்கவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் தெற்கே பெரிய நகரத்தில் இருக்கிறாள்.

“நண்டு தந்தவங்கள்,” என்றேன்.

“மாமிக்குச் சொன்னியா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“அப்பா, அதை எழுதி வை. அண்டைக்கு நடந்ததை. இவள் பெரிசா வந்தா வாசிப்பாள்.”

இவள் என்றது என் பேத்தியை. அவள் வாசிப்பாளோ தெரியாது. எனக்குத் தமிழில் மட்டும்தான் எழுத வரும், அதுவும் எட்டாம் வகுப்போடு விட்ட தமிழ். அதனால் வாசிக்கத் தெரிந்த உங்களுக்கு எழுதுகிறேன். கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆட்களுக்கு இது கூடுதலாக விளங்கும்.

2

மகளின் பெயர் அனிற்றா. அவள் பிறந்து ஒரு வருசம் ஆக முதல் தாய் காய்ச்சலில் போய்விட்டாள். நான் அப்போது இங்கே அகதி முகாமில். காகிதம் இல்லாத ஆள் திரும்பிப் போக முடியாது. என் அக்கா திரேசா போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கா கலியாணம் செய்யவில்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றில் ஓர் அறை வீடு. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கிட்டங்கியில் சாக்குத் தைக்கிற வேலை. ஐந்து வயது ஆகும் மட்டும் பிள்ளையை அவள்தான் வளர்த்தாள். பிள்ளை அப்போது அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டது; மாமி என்றது இங்கே வந்த பிறகு.

பிள்ளையை இங்கே எடுப்பதற்கு நான் போட்ட விண்ணப்பம் திரும்பத் திரும்ப வந்தது. ஒருமுறை தாயின் மரணச் சான்றிதழ் காணாது என்றார்கள். ஒருமுறை படம் சரியில்லை. ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், என் பிள்ளைதானா என்று. நான் இங்கே இருந்து கையெழுத்து வைத்தேன். அங்கே வெயிலில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக அதிகாரிகள் முன்னால் நின்றது அக்கா.

கடைசியில் விசா வந்தது. பிள்ளை வந்து இறங்கியது. என்னைப் பார்த்து அழுதது. பிறகு பள்ளிக்கூடம் போனது, பனியில் சறுக்கியது, அவர்கள் பாஷையில் கனவு கண்டு பிதற்றியது. தமிழ் மட்டும் ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது.

போய்ப் பார்த்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். முதலில் எனக்குத் தந்த பாஸ்போட்டில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக்கூடாது. போகலாம் என்று வந்தபோது அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அவள் திரும்பி வந்தபோது மகளுக்குப் படிப்பு, பிறகு வேலை, பிறகு கலியாணம். போனில் கதைப்பார்கள்.

“சுகமா?”

“சுகம்.”

“சாப்பிட்டியா?”

“ஓம்.”

அதற்கு மேல் மகளிடம் தமிழ் இல்லை. அக்காவும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிடுவாள்.

இந்த வருசம் மகளுக்குப் பிள்ளைப்பேற்று லீவு. இப்போது போனால்தான் உண்டு, வேலை தொடங்கினால் முடியாது என்றாள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கூடப் போனேன். பேத்திக்கு எட்டு மாதம். தகப்பன் நோர்வேக்காரன்; அந்த நாட்டுப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், ஈடா. அக்காவுக்கு அது பிடிபடவில்லை.

“என்ன பேர் தம்பி இது? நகை ஈடு வைக்கிற மாதிரிக் கிடக்கு.”

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அக்கா முதல் நாளே வந்தாள். மகளைக் கட்டிப் பிடித்தாள், விட்டாள், தள்ளி நின்று பார்த்தாள். பிறகு பேத்தியைத் தூக்கக் கையை நீட்டினாள். பிள்ளை வீரிட்டுக் கத்தியது. முகம் பார்க்கிற வயது. அக்கா கையை மடக்கிக்கொண்டாள். தேத்தண்ணி குடித்தாள். போகும்போது வாசலில் செருப்பைப் போட்டபடி சொன்னாள்:

“செவ்வாய்க்கிழமை ஒருக்கா கொச்சிக்கடைக்கு வாறியளோ? அந்தோனியார் கோயிலுக்கு.”

“பார்ப்பம்,” என்றாள் மகள்.

“பார்ப்பம்,” என்றேன் நானும்.

அதோடு இரண்டு பேரும் மறந்துவிட்டோம். மகள் கண்டி, காலி என்று எல்லாம் முன்னமே ஒழுங்குபண்ணி இருந்தாள். பிள்ளை பால் குடிக்கிற நேரம், நித்திரை கொள்கிற நேரம் எல்லாம் அவளுடைய போனில் இருந்தது. நேரம் வந்தால் போன் கத்தும். அது கத்தினால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த யானையையும் விட்டுவிட்டு, வாடகைக்குப் பிடித்த வான் வண்டிக்கு ஓட வேண்டும்.

3

கடைசி நாள் செவ்வாய்க்கிழமையாக வந்தது. இரவு விமானம். அக்காவுக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அக்காவுக்கு நண்டென்றால் உயிர். நான் வெளிக்கிட முந்தின காலத்தில், ஞாயிறு பூசை முடிந்து வரும்போது நண்டு வாங்கி வருவாள். ஓடு, கொடுக்கு, சின்னக் கால் ஒன்றும் மிஞ்சாது. இங்கே இருக்கும்போது அக்காவை நினைத்தால் எனக்கு முகம் வராது. நண்டுக்கால் பல்லில் நெரிபடுகிற சத்தம்தான் வரும்.

மரீன் டிரைவில் கடலைப் பார்த்தபடி ஒரு கடலுணவுக் கடை. அங்கே மேசை சொல்லி வைத்தேன். பெரிய நண்டு வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். அக்காவுக்குச் சொல்லவில்லை.

சாமான் எல்லாம் வானில் ஏற்றியாகிவிட்டது. வான் ஓட்டுகிற முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், கீழே நின்றார். சாப்பிட்டு, அக்காவைக் கொட்டாஞ்சேனையில் இறக்கி, அப்படியே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போவதுதான் எண்ணம்.

கடை மேல்மாடியில். நாலு பக்கமும் கண்ணாடி, வெள்ளைத் துணி விரித்த மேசை. அக்கா நல்ல சேலை உடுத்து, கழுத்தில் அந்தோனியார் சுரூபம் கோத்த சங்கிலியோடு வந்து, கதிரையின் நுனியில் இருந்தாள். நானும் நுனியில்தான் இருந்தேன். மகள் வெயிட்டரைக் கூப்பிட்டாள்.

“பேபிக்குக் கதிரை இருக்கா? உயரக் கதிரை?”

“ஒண்டு இருந்தது மேடம். கால் உடைஞ்சிட்டுது.”

“பிள்ளை உடைச்சதோ?” என்றாள் அக்கா.

“இல்லையம்மா. ஒரு தகப்பன் இருந்து பாத்தவர்.”

பேத்தி மகளின் மடியில் இருந்தாள். மேசைத் துணியைப் பிடித்து இழுத்தாள். கரண்டி விழுந்தது. எடுத்தேன். திரும்ப விழுந்தது. தண்ணீர்க் கிளாசைத் தள்ளி வைத்தேன். முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்தேன். கடைசியில் மேசையில் எல்லாச் சாமானும் என் பக்கம் வந்துவிட்டது.

“நீ ஒரு சின்னக் கரண்டி தா,” என்றாள் மகள் வெயிட்டரிடம்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“நீங்கள் எண்டு சொல்லு பிள்ளை.”

“ஏன்? எனக்குக் கோவம் இல்லை,” என்றாள். மரியாதை என்பது கோபித்துக்கொண்ட ஆட்களோடு கதைக்கிறது என்று எப்படியோ விளங்கி வைத்திருக்கிறாள்.

அக்கா சிரித்தாள். “விடு தம்பி. அது அஞ்சு வயசில விட்ட இடத்தில இருந்து கதைக்குது. நான் குடுத்துவிட்ட தமிழ் அவ்வளவுதான்.”

முதலில் சோறு வந்தது. அக்கா ஒரு பருக்கையை விரல் நுனியில் நசித்துப் பேத்தியின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். மகள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இல்லை மாமி. உப்பு இருக்கு. ஒரு வயசு ஆகும் மட்டும் உப்பு இல்லை.”

“உப்பில்லாம என்னத்தைத் தின்னுறது?”

“அதுக்கு உப்புத் தெரியாது தானே.”

அக்கா அந்தப் பருக்கையைத் தன் வாயில் போட்டாள். பேத்தி அவளுடைய வாயைப் பார்த்தது. பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. அக்கா உடனே கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தாள்.

நண்டு வந்தது. ஒரு தட்டம் முழுக்கச் சிவப்புக் குழம்பு, அதற்கு நடுவில் கொடுக்கைத் தூக்கியபடி. வெயிட்டர் எங்கள் கழுத்தில் ஆளுக்கொரு துணி கட்டினார். ஓடு உடைக்க இரும்புக் குறடு தந்தார்.

அக்கா அதைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

“நண்டோ?”

“உனக்குத்தான் அக்கா. பெரிசாச் சொன்னனான்.”

“ஐயோ, எனக்கேன். நீங்க சாப்பிடுங்கோ. எனக்குச் சோறும் பருப்பும் காணும்.”

“ஏன், பல்லோ?”

“பல்லெல்லாம் கிடக்கு.”

“சீனி வருத்தமோ?”

“ஒரு வருத்தமும் இல்லையடா. நீ சாப்பிடு. ஆறப்போகுது.”

கழுத்தில் கட்டிய துணியை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்தாள். சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்தாள். நான் நண்டுக்கால் ஒன்றை எடுத்து அவளுடைய தட்டில் வைக்கப் போனேன். தட்டை இழுத்துக்கொண்டாள்.

“வைக்காத.”

அந்தச் சொல் கொஞ்சம் உரத்து வந்துவிட்டது. பக்கத்து மேசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் நோர்வே பாஷையில், “என்ன நடக்குது?” என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும். அந்த நேரம் பார்த்துப் பேத்தி கத்தத் தொடங்கியது.

எழும்ப ஒரு சாட்டு வந்ததே என்று எழும்பினேன். “பிள்ளையைத் தா. நான் கீழ கொண்டுபோறன். நீங்க சாப்பிடுங்கோ.”

4

மத்தியான வெயில். மதிலோர நிழலில் அங்கும் இங்கும் நடந்தேன். ரோட்டுக்கு அப்பால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். பாணந்துறைப் பக்கம் போகிற ரெயில் ஒன்று வந்தது. பேத்தி வாயை மூடி அதைப் பார்த்தது. ரெயில் போனதும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது.

குடை பிடித்துக்கொண்டு போன ஒரு மனிசி நின்றாள். “பிள்ளைக்குத் தொப்பி இல்லையோ?”

“இருக்கு. மேல இருக்கு.”

“மேல இருந்து என்ன செய்ய? தலையில எல்லோ இருக்கோணும்.”

போய்விட்டாள். எனக்கு வேர்த்தது. மேலே பார்த்தேன். கண்ணாடிக்குள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். மகள் குறட்டால் நண்டை நெரிக்கிறாள், ஓடு எங்கோ பறக்கிறது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

எனக்கு ஒரு பயம் வந்தது. பிள்ளை வளர்த்ததற்குக் கூலியாகத்தான் இந்தச் சாப்பாடு என்று அக்கா எடுத்துவிட்டாளோ? அவள் அப்படி எடுக்கிற ஆள் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த அக்கா நான் விட்டுவிட்டுப் போன அக்கா. இப்போது மேலே இருக்கிற மனிசியை எனக்குத் தெரியுமா? இரவு போகிறோம். இனி எப்போதோ. இதை இப்படியே விட்டுவிட்டுப் பிளேன் ஏற முடியாது. மேலே போய் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. தொழிற்சாலையில் ஏதும் பிழை நடந்தால் பெல்ட்டை நிற்பாட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது.

வான் கதவைத் திறந்து நானா தலையை நீட்டினார்.

“புள்ளைக்கு வெயில் ஒத்துக்கல்ல போல. உள்ளுக்கு வாங்க. ஏசி போடுறேன்.”

“இப்ப வந்திடுவினம் நானா. மூண்டு மணிக்கு வெளிக்கிட்டா காணும்தானே?”

“காணாது. இன்டெக்கிச் செவ்வாய். கொச்சிக்கடைப் பக்கம் ரோட்டு புளொக்கா ஈக்கும். அந்தோனியார் கோயிலுக்குப் போற சனம்.”

செவ்வாய். செருப்பைப் போட்டபடி அக்கா கேட்டது அப்போதுதான் நினைவு வந்தது. கத்துகிற பிள்ளையோடு படியேறினேன்.

5

“அக்கா, இண்டைக்குச் செவ்வாய்,” என்றேன்.

“ஓம்.”

“செவ்வாயில நண்டு சாப்பிடுறேல்லையோ?”

அக்கா தட்டைப் பார்த்துச் சொன்னாள். “எந்த நாளும் சாப்பிடுறேல்லை.”

“எப்ப இருந்து?”

“இவளுக்கு விசாவுக்கு அலைஞ்ச காலத்தில இருந்து.”

நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். மகள் குறட்டைக் கையில் பிடித்தபடி பார்த்தாள்.

“கடைசி முறையும் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் எல்லோ. அண்டைக்கு நேரா அந்தோனியாரிட்டப் போனன். பிள்ளைக்கு விசா குடும் எண்டு கேட்டன். இவள் திரும்பி வந்து, என்னோட உம்மட சந்நிதியில நிண்டு ஒரு மெழுகுதிரி கொளுத்தும் மட்டும் நண்டு வாயில வைக்கமாட்டன் எண்டு நேர்ந்தன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “இவ்வளவு காலம் இழுக்கும் எண்டு ஆர் கண்டது. தெரிஞ்சிருந்தா பாவக்காயை நேர்ந்திருப்பன்.”

மகளுக்குப் பாதிதான் விளங்கியது. “நேர்ந்தன் எண்டா என்ன?” என்று என்னைக் கேட்டாள். அவர்கள் பாஷையில் அதற்கு ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. ஆசைப்பட்டதை விட்டுவிட்டுக் கேட்பது என்றேன். உனக்கு விசா கிடைப்பதற்கு என்றேன். நீ வந்து மெழுகுதிரி கொளுத்தினால்தான் முடியும் என்றேன்.

மகளின் முகம் சிவந்தது. கோபம். சின்ன வயதில் இருந்து அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும்.

“ஏன் சொல்லேல்லை?”

“கேட்டன்தானே. வாறியளோ எண்டு.”

“இது சொல்லேல்லை! நண்டு சொல்லேல்லை!”

“சொன்னா நீ எனக்காக வருவாய். அது சரியில்லை. நேர்ந்தது நான்.”

“நான் கேட்டனா? நீ நண்டு விடு எண்டு நான் கேட்டனா?”

“இல்லை பிள்ளை. நீ கேக்கேல்லை.” அக்கா கையைத் துடைத்தாள். “நீ அழுதது, போகமாட்டன் எண்டு. என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு அழுதனீ. நான் நேர்ந்தது, நீ போகோணும் எண்டு.”

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அந்த வயதுத் தமிழ்தான் அது.

வெயிட்டர் வந்து, “எல்லாம் ஓகேயா சேர்?” என்றார். மகளின் போன் கத்தியது. பேத்தியின் நித்திரை நேரம். மகள் அதை எடுத்துப் பார்த்தாள், அமத்தினாள், கவிழ்த்து வைத்தாள்.

“அப்பா, அந்தக் கோயில் எயார்போட் போற வழியா?”

“வழிதான். ஆனால் சனம்.”

“அப்ப ஏன் இருக்கிறம்?” வெயிட்டரைப் பார்த்தாள். “நீ இதைக் கட்டித் தா. எல்லாம். இந்தப் பெரிய கொடுக்கும்.”

“வேண்டாம் பிள்ளை,” அக்கா பதறிவிட்டாள். “குழந்தைக்கு நித்திரை நேரம். பிளேன் விட்டிடும். இன்னொருக்கா வரேக்க பாப்பம்.”

“நட மாமி,” என்றாள் மகள்.

6

கார் சீட்டில் கட்டியதும் பேத்தி கத்தியது. கொள்ளுப்பிட்டி வரும் மட்டும் கத்தியது. காலிமுகத்திடலில் கடலைக் காட்டினேன், அதற்கும் கத்தியது. புறக்கோட்டையில் வான் நின்றேவிட்டது. முன்னால் லொறி, பக்கத்தில் கைவண்டி, பின்னால் பஸ்சின் ஹோன். நான் பிரேக் இல்லாத இடத்தில் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தேன்.

“நானா, வேற ரோட்டு இல்லையோ?”

“ஈக்கி. அதிலயும் இதே சனம்தான்.”

மகள் பால் கொடுத்துப் பார்த்தாள். தள்ளியது. என்னிடம் தந்தாள். என் காதுக்குள் கத்தியது. திரும்ப வாங்கினாள். அவளுக்கும் வேர்த்து, தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. பிழை செய்துவிட்டோமோ என்று நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன். வழி முழுக்கக் கத்தின பிள்ளையோடு எந்தக் கோயிலில் என்னத்தை நிற்பது.

பின் சீட்டில் இருந்து அக்கா கையை நீட்டினாள்.

“தா.”

மகள் யோசித்தாள். கொடுத்தாள்.

பேத்தி அக்காவைப் பார்த்து இன்னும் உரத்துக் கத்தியது. அக்கா முகத்தைக் காட்டவில்லை. பிள்ளையைத் தோளில் குப்புறப் போட்டாள். உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டினாள். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். தாலாட்டு ஒன்றும் இல்லை. மகளும் ஈடாவை இப்படித்தான் தட்டுவாள். அவள் அதை எங்கே பழகினாள் என்று நான் யோசித்ததில்லை.

பேத்தி அக்காவின் சங்கிலியைப் பிடித்தது. அந்தோனியாரை வாயில் வைத்துச் சப்பியது. கத்தல் விக்கலாகி, விக்கல் மூச்சாகி நின்றது. வான் மெதுவாக நகர்ந்தது. மகள் வெறும் கார் சீட்டைப் பார்த்தாள், தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள்.

“நீ மெதுவாப் போ,” என்றாள் நானாவிடம்.

“இதுக்கு மேல மெதுவாப் போறெண்டா எறங்கித் தள்ளத்தான் ஈக்கி மகள்.”

கோயிலுக்குக் கிட்ட ஒரு மதிலோரம் நிறுத்தினார். சனம் மெழுகுதிரிக் கட்டுகளோடு போய்க்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்தேன். மகள் இறங்கினாள். அக்கா அசையவில்லை.

“இறங்கு அக்கா. நேரமில்லை.”

“இறங்கேலாது. எழும்பிடும்.”

“பிள்ளையை நான் வாங்கிறன்.”

“கையை மாத்தினா எழும்பிடும்.” அக்கா குரலே எடுக்காமல் சொன்னாள். “நீங்க ரெண்டு பேரும் போங்கோ. போய்க் கொளுத்திப்போட்டு வாங்கோ.”

“உன்னோட நிக்கோணும் எண்டெல்லோ நேர்ந்தனீ?”

“வாசலுக்கு வந்திட்டன்தானே. அந்தோனியாருக்குக் கண் தெரியும். போ.”

மகள் ஒரு நிமிசம் வானுக்குள் பார்த்தபடி நின்றாள். பிறகு முன்னால் நடந்தாள். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பிள்ளையின் துணி, பால் போத்தல், நண்டுப் பார்சல். பார்த்தவர் பார்சலை மணந்துவிட்டு எங்களை விட்டார். உள்ளே வெக்கை. மெழுகுதிரி வாங்கினோம். மகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“என்ன சொல்லோணும் அப்பா?”

“ஒண்டும் சொல்லத் தேவையில்லை.”

பக்கத்தில் எரிந்த யாருடையதோ திரியில் பற்றவைத்தாள். துறைமுகக் காற்றுக்கு அணைந்தது. திரும்பவும் பற்றவைத்து, இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்தது. எந்தப் பாஷையில் என்று கேட்கவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், பிறகு கையைக் கட்டிக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நிற்க முடிந்தது.

திரும்பி வந்தபோது அக்கா விட்ட இடத்திலேயே இருந்தாள். முதுகில் தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

“கொளுத்தினியோ?”

“ஓம்,” என்றாள் மகள்.

“அணையேல்லையே?”

“ஒருக்கா அணைஞ்சது. திரும்பிக் கொளுத்தினன்.”

“காணும்.”

நானா வானை எடுத்தார். மகள் அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். பார்சலைப் பிரித்தாள். வான் முழுக்கக் குழம்பு வாசம்.

“சீட்டில ஊத்தாமச் சாப்பிடுங்க,” என்றார் நானா.

குறட்டைக் கடையிலேயே விட்டுவிட்டோம். மகள் பெரிய கொடுக்கை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். ஓடு வெடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

சதையை உருவினாள். அக்காவுக்கு ஒரு கை பிள்ளையின் முதுகில், மற்றக் கை பிள்ளையின் கீழே. வாங்கக் கையில்லை. மகள் சதையை அவளுடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“ஆ,” என்றாள், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

அக்கா வாயைத் திறந்தாள். மென்றாள். கனநேரம் மென்றாள். கண்ணை மூடவில்லை, அழவில்லை. சங்கிலியைப் பிடித்திருந்த பேத்தியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பிடி மாமி?”

“உப்புக் காணாது,” என்றாள் அக்கா.

சொல்லிவிட்டுத் திரும்பவும் வாயைத் திறந்தாள்.